அடியிலிருந்து வந்த குளிர்

பெரட்டுக்களத்தில் அத்தனை பேர் முன்னாலும் என் அண்ணனைப் புளுகன் என்று சொன்னவள் நான்தான். மற்றவர்கள் சிரித்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் காலை அவன் காய்கறி லோரியில் ஏறிப் போனான். தாப்பா ரோட்டு வளைவில் லோரி கவிழ்ந்துவிட்டது. அவன் சொன்னதெல்லாம் நிஜம் என்று எனக்குப் புரிந்தபோது, அதைச் சொல்ல அவன் இல்லை. ஆனாலும் புரிந்த அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை கால் நிற்பதில்லை. அந்தப் பரபரப்பை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்த வார்த்தையில் சொல்கிறேன்.

எழுபதுகள் முடியப் போகிற நேரம். எங்கள் தேயிலை எஸ்டேட் கேமரன் மலையில், பிரிஞ்சாங் டவுனுக்கு மேலே. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் ஃபேக்டரியில் வேலை. அம்மாவும் நானும் கொழுந்து பறிக்கப் போவோம். அண்ணன் இருந்தது தேயிலை புளிக்க வைக்கிற அறையில். அங்கே சூடு கொஞ்சம் ஏறினாலும் தேயிலை கெட்டுப் போகும். அதனால் தெர்மாமீட்டரைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்ல ஓர் ஆள் வேண்டும். அண்ணன் அதில் கெட்டி. கோட்டுக்கு அரைக்கோடு மேலே நின்றாலும் அரைக்கோடு என்றுதான் சொல்வான்.

அந்த ஒரு கைப்பழக்கம்தான் அவனைக் கடலுக்குக் கொண்டு போனது. குவாந்தானில் ஒரு படகு இருந்தது. மீன் பிடிப்பதைவிட, மீன் எங்கே ஏன் கூடுகிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. தெர்மாமீட்டர் பார்க்கத் தெரிந்த கூலியாள் தேடினார்கள். கடலையே பார்த்திராத மலைக்காரன் போய்ச் சேர்ந்துகொண்டான். நாலு மாதம் கழித்து ஒரு வார லீவில் கறுத்துப் போய் வந்தான்.

லீவின் கடைசி நாள் காலையில் எங்களோடு பெரட்டுக்கு வந்தான். பெரட்டு என்றால், காலையில் எல்லோரும் களத்தில் கூடி நிற்க, யார் எந்த மலைக்குப் போவது என்று கங்காணி பிரித்துவிடுவது. அன்றைக்கு மூடுபனி. கங்காணிக்கும் அவசரமில்லை.

"என்னப்பா கப்பல்காரா, கடல்ல அப்படி என்னதான் வேல?" என்றார்.

"தண்ணிக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாக்குறேன் கங்காணி."

"இருந்தா ஊசி போடுவியா?" என்று கேட்டாள், எனக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிற அக்கா. அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

அண்ணனும் சிரித்துக்கொண்டே சொன்னான். "கயித்துல பாட்டில் கட்டி எறக்குவோம்க்கா. அடிக்குப் போனதும் கயித்து வழியா ஒரு இரும்புத் துண்ட வுடுவோம். அது போயித் தட்டும், பாட்டில் வாய மூடிக்கும். அடித்தண்ணி அப்படியே மேல வந்துரும்."

"இரும்பு போயித் தட்டுச்சாம், பாட்டில் வாய மூடிக்கிச்சாம். ஒன் வாய மூட ஒரு இரும்பு வேணும்லா."

களமே சிரித்தது. அண்ணன் விடவில்லை. கண் பளபளக்க, கையை விரித்துக் காட்டினான்.

"கேளுங்க கங்காணி. கரையிலேருந்து ரொம்ப தூரத்துக்குக் கடல் ஆழமே கெடையாது. தெடல் மாதிரி போகும். அப்புறம் ஒரு எடத்துல நம்ம மலச் சரிவாட்டம் எறங்கிரும், அடியே தெரியாது. அந்த ஓரத்துல தண்ணி வட்டமா சுத்தும். சின்ன வட்டம் இல்ல. நம்ம எஸ்டேட்டு, பிரிஞ்சாங், திரிங்காப் எல்லாத்தையும் உள்ள வெச்சாலும் எடம் மிச்சம். படகுல நிக்கிறவனுக்குச் சுத்துறதே தெரியாது."

"தெரியாதது ஒனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?" என்றாள் அக்கா.

"நடுவுல தண்ணி குளுரும். குளுந்தா உள்ள வந்துட்டோம்னு அர்த்தம். அங்கதான் மீனு அள்ளிக்கிட்டு வரும்."

அங்கேதான் எல்லோரும் அவனைக் கைவிட்டார்கள். எங்களுக்குக் குளிர் என்றால் வெறுங்கூடை. குளிர் மாதத்தில் கொழுந்து விரியாமல் முடங்கிக்கொள்ளும். நாள் முழுக்க மலையில் நின்றாலும் கூடை நிரம்பாது. வெயிலும் மழையும் மாறி மாறி வந்தால்தான் செடி துளிர்க்கும். குளிர்ந்த இடத்தில் விளைச்சல் என்று ஒருவன் சொன்னால் எங்கள் களத்தில் பச்சைப் பிள்ளைகூட நம்பாது.

"குளுருல ஏதுடா வெளைச்சல்?" என்றார் கங்காணி.

"எல்லாச் சுழியிலயும் இல்ல. ரெண்டு வக இருக்கு. சாமி சுத்துற பக்கமா வலமா சுத்துனா தண்ணி சூடு, மீனு இல்ல. எதிர்ச்சுத்து சுத்துனாத்தான் குளுரு, மீனு."

கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். "வாயக் கழுவுடா. எதிர்ச்சுத்து எதுக்குச் சுத்துவாங்கன்னு தெரியாதா ஒனக்கு?"

களம் சட்டென்று அடங்கியது. செத்தவரைக் குடத்தோடு சுற்றி வரும்போது மட்டும்தான் நாங்கள் அந்தப் பக்கமாகச் சுற்றுவோம். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நான் சொன்னேன்:

"போதும்ணே. நாலு மாசம் உப்புத் தண்ணி குடிச்சிட்டு வந்து புளுகிக்கிட்டு நிக்கிற. புளுகன்."

மறுபடியும் சிரிப்பு. அவன் என்னைப் பார்த்தான். கோபப்படவில்லை. "நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். படகுல இருக்கு. அடுத்த தடவ கொண்டாந்து காட்டுறேன்" என்றான்.

"கொண்டா. அதுலயும் புளுகித்தான் எழுதியிருப்ப."

ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கத்தில் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம் கொஞ்சம்தான். மீதி பொறாமை. அவன் இந்தப் பனியை விட்டு வெளியே போய்விட்டான். நான் அதே நிரையில் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் லோரி. அதற்கடுத்த நாள் எங்கள் லயத்து வீட்டு வாசலில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். அப்பா தோளில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு அவனைச் சுற்றினார். மூன்றாவது சுற்றில்தான் எனக்கு உறைத்தது, எந்தப் பக்கமாகச் சுற்றுகிறார் என்று. அம்மாவுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். என் கையை அவள் பிடித்த பிடியில் நகம் இறங்கிவிட்டது.

ஒரு மாதம் போனது. திரிங்காப்புக்குத் திரும்பிப் போகிற காய்கறி லோரி ஒன்று அண்ணனுடைய தகரப்பெட்டியை இறக்கிவிட்டுப் போனது. படகுக்காரர்கள் அனுப்பியிருந்தார்கள். மூடியில் குவாந்தான் படகுத்துறை விலாசம். உள்ளே இரண்டு சட்டை, ஒரு சாரோங், ஒரு பென்சில், நீல அட்டை நோட்டு. நான் நோட்டைத் தொடவில்லை. அதில் இருப்பது புளுகு என்றால் அதை என்னால் தாங்க முடியாது. நிஜம் என்றால் அதைவிடத் தாங்க முடியாது. பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் எங்களுக்கு ஒரு பாழாய்ப்போன வேலை உண்டு. சரிவில் குறுக்காக வாய்க்கால் வெட்டி, அதில் இடையிடையே குழி தோண்டியிருப்பார்கள். மழையில் மேல்மண், போட்ட உரம், மக்கின இலை எல்லாம் கரைந்து இறங்கி அந்தக் குழியில் தங்கும். மழை விட்டதும் நாங்கள் அதை அள்ளிக் கூடையில் சுமந்து, மேலே ஏறி, செடியின் தூரில் கொட்ட வேண்டும். இறங்கினதை மறுபடி ஏற்றுவது. இடுப்பு விட்டுப் போகும்.

அன்றைக்கு இரண்டு நாள் மழைக்குப் பிறகு பளீரென்று வெயில். வெறுங்காலில் மேல்மண் கதகதவென்று இருந்தது. நான் குழிக்குள் முழங்கை வரை கையை விட்டேன். உள்ளே சில்லென்று இருந்தது. கறுப்பு மண். நான் கையை எடுக்கவில்லை.

"என்னடி, குழிக்குள்ள தூங்குறியா?" என்றாள் அக்கா.

"அக்கா, இது ஏன் இப்படிக் குளுருது?"

"அடி மண்ணு குளுரத்தான் செய்யும். வெயிலு படாதுல்ல."

அவள் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். அடி மண் குளிரும். அடித்தண்ணியும் குளிரும். அண்ணன் குளிர்தான் மீனைக் கொண்டுவருகிறது என்று சொல்லவே இல்லையே. குளிர்ந்தால் உள்ளே வந்துவிட்டோம் என்று அர்த்தம் என்றுதானே சொன்னான்? குளிர் உரம் இல்லை. குளிர் அடையாளம். இந்தத் தண்ணீர் அடியிலிருந்து வந்தது என்று அது காட்டிக்கொடுக்கிறது.

நான் சரிவை மேலும் கீழும் பார்த்தேன். மலையில் எல்லாம் கீழே இறங்குகிற மாதிரி கடலிலும் எல்லாம் கீழேதானே இறங்கும்? செத்த மீன், மக்கினது, கழிவு, அத்தனை சத்தும் வெயில் எட்டாத இருட்டில் போய்த் தங்கிவிடும். வெயில் மேலே இருக்கிறது, உரம் கீழே கிடக்கிறது. இரண்டும் சேராமல் எது வளரும்? எங்களுக்குக் கூடை இருக்கிறது, கங்காணி இருக்கிறார், விரட்டி விரட்டி ஏற்றிவிடுகிறோம். கடலில் யார் கூடை தூக்குவது?

அந்தச் சுழிதான். சுற்றிச் சுற்றி அடித்தண்ணியை மேலே தூக்குகிறது. திடலின் ஓரத்தில் நின்றுகொண்டு, சரிவுக்கு அடியில் கிடக்கிற சத்தை வெயிலுக்குக் கொண்டுவந்து கொட்டுகிறது. அதுவும் எங்களை மாதிரி ஒரு கூலிதான்.

நான் கூடையைப் போட்டுவிட்டு லயத்தைப் பார்த்து ஓடினேன்.

"ஏய், என்ன, பாம்பா?" என்று கத்தினார் கங்காணி.

"இல்ல கங்காணி, அண்ணன்."

அவர் என்ன நினைத்தாரோ, என்னைத் திருப்பிக் கூப்பிடவில்லை.

சேற்றுக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன். அண்ணனுடைய குண்டு குண்டு எழுத்து. ஒவ்வொரு நாளும் மேல்தண்ணி சூடு, அடித்தண்ணி சூடு, ஒரு வட்டம், வட்டத்தில் அம்புக்குறி, பக்கத்தில் ஒன்றிரண்டு வார்த்தை. முதல் பக்கத்தில் கண்ணில் பட்டது இது: "சூடு. வலம். சும்மா." அடுத்த வரி: "சூடு. வட்டம் இல்ல. சும்மா." பக்கம் பக்கமாகச் சும்மா, சும்மா, சும்மா. மீன் வந்த நாளைவிட வராத நாள்தான் அதிகம்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். புளுகுகிறவன் எவனாவது வெறுங்கூடையை எழுதி வைப்பானா? ஊரை ஏமாற்ற நினைத்தால் எல்லா வட்டத்திலும் மீனைப் போட்டிருக்கலாமே. கடலுக்குப் போய் யார் பார்க்கப் போகிறார்கள்? புளிக்க வைக்கிற அறையில் அரைக்கோடு என்றால் அரைக்கோடு என்று சொன்ன அதே ஆள்தான் அங்கேயும் நின்றிருக்கிறான்.

இன்னும் இருந்தது. மீன் வந்த இடத்திலும் அது உடனே வரவில்லை. "குளிர். இடம். மீன் இல்ல" என்று ஒரு நாள். இடம் என்றால் எதிர்ச்சுற்று. படகு சுற்றிவிட்டு அதே வட்டத்துக்குத் திரும்பி வந்த நாளில், "குளிர். தண்ணி பச்சை." இன்னும் கொஞ்ச நாள் கழித்து, "நெத்திலி." அதற்கும் பிறகு, "கெம்போங், வலை கொள்ளல." கானாங்கெளுத்தியைத்தான் இங்கே கெம்போங் என்போம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாங்களும் இன்றைக்கு உரம் போட்டு நாளைக்கே கூடையை நிரப்புவதில்லையே. செடி தின்று துளிர்க்க வேண்டும். பச்சை என்று எழுதியிருந்த பக்கத்தின் ஓரத்தில், "கண்ணுக்குத் தெரியாத செடியாம், தண்ணி முழுக்க. பாப்பாகிட்ட சொல்லணும், கடலுக்கும் கொழுந்து உண்டு" என்று இருந்தது. வீட்டில் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இன்னொரு பக்கத்தில் படம். சுழியின் ஓரம் திடலை உரசிக்கொண்டு போகிறது. அங்கிருந்து பச்சைத் தண்ணி நாக்கு மாதிரி நீண்டு ஆழத்துப் பக்கம் போகிறது. "ஏத்தவும் செய்யுது, இழுத்துக்கிட்டும் போகுது" என்று எழுதியிருந்தான்.

அம்மா வேலை விட்டு வந்தபோது நான் ஈயக் குண்டானில் தண்ணீர் பிடித்து, தேத்தூளைப் போட்டுக் கையால் சுழற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னடி இது?"

"பாரும்மா."

கையை எடுத்தேன். தண்ணீர் தானாகச் சுற்றியது. அடியில் சிதறிக் கிடந்த தூள் நடுவுக்கு ஓடி வந்து குவிந்தது. அதில் பொடியாக இருந்தது மட்டும் புகை மாதிரி மெல்ல நடுவில் எழும்பியது. அம்மா பெட்டியைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு தடவ சுத்து" என்றாள்.

குண்டானில் எந்தப் பக்கம் சுற்றினாலும் தூள் நடுவுக்குத்தான் வந்தது. கடலில் மட்டும் ஏன் எதிர்ச்சுற்று மேலே தூக்குகிறது, வலச்சுற்று கீழே அழுத்துகிறது? "பூமி சுத்துறதாலயாம்" என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தான் அண்ணன். அவனுக்கும் புரியவில்லை. எனக்கும் இன்றுவரை புரியவில்லை.

மறுநாள் பெரட்டில் நான் நோட்டோடு போய் நின்றேன். கங்காணி ஆளைப் பிரிக்கத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"எங்கண்ணன் புளுகல. நான்தான் தப்பாச் சொன்னேன். இந்தா, எழுதி வெச்சிருக்கு."

நான் படித்தேன். குழி மண்ணைச் சொன்னேன், குளிரைச் சொன்னேன், கூடை தூக்குகிற சுழியைச் சொன்னேன். மூச்சு வாங்கியது. எங்கே தொடங்கி எங்கே முடித்தேன் என்று தெரியாது.

"அப்ப கடலுக்குள்ளயும் மண்ணு தூக்குற வேலதானா? நல்ல வேள, நான் மீனாப் பொறக்கல" என்றாள் அக்கா. ஆனால் கேலியாகச் சொல்லவில்லை.

கங்காணி நோட்டை வாங்கிப் புரட்டினார். அவருக்குப் படிக்க வரும். கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார். லீவுக்கு முந்தின வாரம் எழுதியது: "குளிர். இடம். பச்சை இல்ல. மீன் இல்ல. பத்து நாள் கழிச்சு வந்து பாக்கணும்."

"இது என்னாச்சு?"

"தெரியாது கங்காணி. அவன் லீவுல வந்துட்டான்."

"மீனு வந்துச்சா, வரலையா?"

"தெரியாது."

"தெரியாமலே வுட்டுருவியா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிஞ்சாங்குக்கு இறங்கிப் போனேன். சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற பாய்க்கு மலாய் நன்றாக எழுத வரும். நான் சொல்லச் சொல்ல எழுதினவர் பேனாவை நிறுத்திவிட்டார்.

"மீனு வந்துச்சான்னு கேக்க ஒரு கடுதாசியா? பாசார்ல போயிக் கேட்டா போதும்லா."

"எந்த மீனும் இல்ல பாய். அந்த வட்டத்து மீனு."

பெட்டி மூடியில் இருந்த விலாசத்துக்கு அனுப்பினோம். அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். தண்ணீர் பிடிக்கப் போனால், "கடுதாசி வந்துச்சா?" கொழுந்து நிறுக்கப் போனால், "வந்துச்சா?" அக்கா கடுதாசியே வராது என்றாள். சூடாகியிருக்கும், சும்மாதான் இருந்திருக்கும் என்று ஒரு கட்சி. இத்தனை தடவை வந்தது இந்தத் தடவை வராமலா போகும் என்று இன்னொரு கட்சி. என் அண்ணனுடைய சுழியை வைத்துக்கொண்டு பெரிய மனிதர்கள் களத்தில் சண்டை போட்டார்கள். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லாத ஒன்றுக்கு யாரும் கட்சி கட்ட மாட்டார்களே.

குளிர் மாதம் வந்துவிட்டது. கூடை பாதிதான் நிரம்பியது. ஒரு நாள் காலைப் பெரட்டுக்கு ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணியே நேரில் வந்து என்னிடம் ஒரு கார்டை நீட்டினார். அதற்குள் அவரும் ஒரு கட்சியில் சேர்ந்திருந்தார். கார்டில் மலாயில் மூன்றே வார்த்தை. நான் சத்தமாகப் படித்தேன்.

"ஆடா. பாஞாக். கெம்போங்."

இருக்கிறது, நிறைய, கெம்போங் மீன். களத்தில் எழுந்த கூச்சலில் பக்கத்து லயத்து நாய்களெல்லாம் குரைத்தன. அக்கா தன் கூடையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அம்மா கார்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"எந்தப் பக்கம் சுத்துனதுல?" என்று கேட்டாள்.

"எதிர்ச்சுத்தும்மா."

அவள் அன்றைக்குச் சாயங்காலம் மீன் வாங்கி ஆக்கினாள். அவன் போனதிலிருந்து எங்கள் அடுப்பில் மீன் ஏறவே இல்லை.

சாப்பிட்டுவிட்டு நான் நோட்டை எடுத்தேன். பத்து நாள் கழித்து வந்து பார்க்க வேண்டும் என்று அவன் எழுதியதற்குக் கீழே, அவனுடைய பென்சிலாலேயே, "கெம்போங். நிறைய" என்று எழுதினேன். பச்சையைப் பற்றி எழுதவில்லை. கார்டில் அது இல்லை. அவன் பார்க்காததை அவன் பார்த்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்று, ஓரத்தில் சின்னதாக, "இது தங்கச்சி எழுதினது" என்றும் போட்டேன்.